பழைய கார், புதிய கார்: ஓட்டிப் பார்த்து ஒப்பிடும் முறை

வாங்குமுன் இரண்டையும் எஞ்சின் குளிர்ந்த நிலையிலேயே ஸ்டார்ட் செய்யுங்கள். பானெட் ஏற்கெனவே சுடுகிறதா? இன்னொரு நாள் போவது நல்லது. முன்பே எஞ்சினைச் சூடாக்கி வைப்பதுதான் ஸ்டார்ட்டிங் கோளாறை மறைக்கச் சுலபமான வழி.

கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) உள்ள பழைய வண்டியில், காற்றைக் குறைக்கும் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்து, சூடேற ஏற மெல்ல உள்ளே தள்ளுங்கள். அதன்பின் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை அழுத்தாமல் ஓடும் நிலையில்) நிற்காவிட்டால் முதலில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தீப்பொறிக்காகத் திறந்து மூடும் பாயின்டின் இடைவெளியைப் பாருங்கள். பல வண்டிகளில் அது 0.4 மி.மீ. அளவில் இருக்கும். கார்புரேட்டரைக் குறை சொல்வது அப்புறம். சிலிண்டர்களின் கம்ப்ரெஷனை (உள்ளே ஏறும் அழுத்தத்தை) அளந்து, குறைந்திருக்கும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம்; ஏறாவிட்டால் வால்வையோ, சிலிண்டர் ஹெட்டுக்கு அடியிலுள்ள ஹெட் கேஸ்கெட்டையோ சந்தேகிக்கலாம்.

பழைய வண்டியில் பணத்தை விழுங்குவது எஞ்சின் அல்ல, துரு. காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவுக்குக் கீழுள்ள பகுதியிலும் சக்கர வளைவிலும் நகர்த்துங்கள். பிடிப்பு விடும் இடத்தில் பெயின்டுக்கு அடியில் பள்ளம் நிரப்பும் பட்டி தடிமனாக இருக்கலாம். மிதியடியைத் தூக்கித் தரைத்தகட்டையும் பாருங்கள்.

புதிய வண்டியில் சாவியைத் திருப்பியதும் எஞ்சின், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு), ஏர்பேக் விளக்குகள் எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனபின் சில நொடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ கை வைத்திருக்கலாம். வண்டியின் கணினியைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில் பிழைக் குறியீடே இல்லாமல், வண்டி தானே செய்துகொள்ளும் சுயசோதனைகள் மட்டும் முடியாமல் நின்றால், குறியீடுகளைச் சமீபத்தில் அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம்.

பிரேக்கை ஆளில்லாத சாலையில் சோதியுங்கள். பழைய வண்டியின் டிரம் பிரேக் அடுத்தடுத்து அழுத்தினால் சூடாகிப் பிடிப்பு குறையும், அது இயல்பு. வண்டி ஒரு பக்கம் இழுத்தால், சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர் கசிகிறதா பாருங்கள். ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் காலில் அதிரும். அதற்குப் பயந்து காலை எடுக்காதீர்கள்.