பழைய கேசட்ட எம்பி3-யா மாத்துறது எப்படி? (நான் மாட்டிக்கிட்ட இடத்தையும் சேர்த்தே சொல்றேன்)

எங்கப்பா விட்டுட்டுப் போனதுல எனக்குன்னு வந்தது மூணு பிஸ்கட் டின் நிறைய கேசட். எண்ணிப் பாத்தா 112 இருந்துச்சு. இங்க மலேசியாவுல சுங்கை சிப்புட் டவுனுக்கு வர்றதுக்கு முன்னாடி நாங்க ரப்பர் தோட்டத்து லயத்துல இருந்தோம், அப்பா காலையில ரப்பர் பால் வெட்டிட்டு வந்து குளிச்சி சாப்பிட்டு ரேடியோ முன்னாடி உக்காந்தாருன்னா எந்த மொழின்னெல்லாம் பாக்க மாட்டாரு, காதுக்கு நல்லாருந்தா ரெக்கார்டு பட்டன அமுக்கிடுவாரு. அதனால ஒரே கேசட்ல ஏ பக்கம் சீர்காழி கோவிந்தராஜன், பி பக்கம் இங்கிலீஷ்ல பாடுற ஜிம் ரீவ்ஸ். இன்னொன்னுல மலாய்ப் பாடகர் பி.ரம்லி, அடுத்து முகமது ரஃபி, கடைசியில ராஜரத்தினம் பிள்ளை நாதஸ்வரம் டேப் தீர்ந்து பாதி தோடியில நிக்கும். சீனப் பாடகி டெரேசா டெங் மட்டும் கடையில காசு கொடுத்து வாங்குனது, அஞ்சு கேசட். சீனத்துல ஒரு வார்த்த தெரியாது அவருக்கு, ஆனா அந்தக் குரல் வந்தா பேச்ச நிறுத்திடுவாரு.

நான் இன்னிக்கி விரும்பிக் கேக்குறது அத்தனையும் இந்த டின்னுலேர்ந்து வந்ததுதான். ஜொகூர் கஜல்னு ஒன்னு இருக்கு, மலாய்ப் பாட்டு, ஆனா கூட வாசிக்கிறது ஆர்மோனியம், தபேலா, கம்பூஸ்ங்கிற நரம்பு வாத்தியம், வயலின். சின்ன வயசுல அதக் கேட்டுட்டு நம்ம கோயில் பஜனைல வர்ற பொட்டி எப்படி மலாய்ப் பாட்டுக்குள்ள வந்துச்சுன்னு அப்பாகிட்ட கேட்டுருக்கேன். அப்புறம் அலிகேட்ஸ் (Alleycats) பாட்டுக்குழு. நம்ம ஆறுமுகம் அண்ணந்தம்பிங்க பினாங்குலேர்ந்து கிளம்பி மலாய்ல பாடி நாடே கேட்டுச்சு, தம்பி லோகநாதன் 2007-ல போயிட்டாரு. அவங்க கேசட் எங்க வீட்ல தேயத் தேய ஓடுனது.

சரி விஷயத்துக்கு வர்றேன். கேசட் வச்சிருக்கவங்க தள்ளிப் போடாதீங்க. நம்மூரு ஈரத்துக்கு டேப்புல வெள்ளையா பூஞ்சை பிடிக்குது, எனக்கு 112-ல 9 அப்படித்தான் போயிருந்துச்சு.

முதல் வேலை, கேசட்ட பாருங்க

சின்ன ஜன்னல் வழியா டார்ச் அடிச்சுப் பாருங்க. டேப் சுருள் மேல வெள்ளைத்தூள் மாதிரி தெரிஞ்சா அத ப்ளேயர்ல போடவே போடாதீங்க, அந்தப் பூஞ்சை ஹெட்ல (ப்ளேயர்ல டேப்ப உரசிப் படிக்கிற பாகம்) ஒட்டி அடுத்தடுத்த கேசட்டுக்கும் போவும். தனியா ஒரு கவர்ல சிலிக்கா ஜெல் போட்டு எடுத்து வச்சிருங்க. மத்ததுக்கெல்லாம் மேல இருக்குற ரெண்டு சின்னப் பிளாஸ்டிக் காத உடச்சிருங்க, அது இல்லன்னா தெரியாம ரெக்கார்டு அமுக்குனாலும் அழியாது. டேப்போட நடுவுல ஹெட் வந்து அழுத்துற எடத்துல ஒரு குட்டிப் பஞ்சு இருக்கணும், பழசுல பசை காஞ்சு அது விழுந்துடும். பஞ்சு இல்லாத கேசட்ல சத்தம் மங்கி மங்கி வரும். வேற ஒரு வேணாத கேசட்லேர்ந்து எடுத்து ஒட்டிக்கலாம்.

போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ கடைசி வரைக்கும் ஓட்டி, திருப்பி முன்னுக்குக் கொண்டு வந்துருங்க. இருவது வருஷமா அசையாத டேப் ஒன்னோட ஒன்னு ஒட்டியிருக்கும். அறுந்து போச்சுன்னா சாதா செலோடேப் போட்டு ஒட்டாதீங்க, நம்ம வெயிலுக்குப் பசை உருகி வெளிய வந்து எல்லாத்தையும் ஒட்டிடும். அதுக்குன்னே ஸ்ப்ளைசிங் டேப் ஆன்லைன்ல கிடைக்குது.

ப்ளேயர்

யூஎஸ்பி வச்ச சின்ன கேசட் ப்ளேயர் ஷாப்பி (Shopee) ஆன்லைன் கடையில மலிவா வருது, வாங்காதீங்க. மோட்டார் ஒரே வேகத்துல ஓடாது, நாதஸ்வரம் மாதிரி நீட்டிப் பிடிக்கிற சுரம் எல்லாம் ஆடும். அதுக்குப் பழைய நல்ல கேசட் டெக் (ஸ்டீரியோ செட்டோட சேக்குற பெரிய ப்ளேயர்) ஒன்ன செகண்ட் ஹாண்ட்ல வாங்கி பெல்ட் மாத்துறது எவ்வளவோ மேல். நான் ஈப்போல ஒரு பழைய சாமான் கடையில எடுத்தேன், பெல்ட் மாத்துன செலவோட சேர்த்து 140 வெள்ளி (ரிங்கிட்). ஹெட்ட ஐசோப்ரொபில் ஆல்கஹால் தொட்ட காது பட்ஸால தொடைங்க, பட்ஸ் வெள்ளையாவே வர்ற வரைக்கும். பத்து கேசட்டுக்கு ஒரு தடவ திரும்பத் தொடைங்க.

கம்ப்யூட்டர்ல சேக்குறது (இங்கதான் நான் மூணு மாசத்த விட்டேன்)

டெக் பின்னாடி வெள்ளையும் சிவப்புமா ரெண்டு ஓட்டை இருக்கும்ல, அதுலேர்ந்து ஒரு ஒயர எடுத்து லேப்டாப்ல இருக்குற ஒரே ஓட்டையில சொருகுனேன். சத்தம் வந்துச்சு, ரெக்கார்டும் ஆச்சு, நல்லாத்தான இருக்குன்னு தினம் ராத்திரி உக்காந்து 38 கேசட் முடிச்சேன். எல்லாம் டிஎம்எஸ், சுசீலா, பி.ரம்லி. அப்புறம் ஒரு நாள் டெரேசா டெங் போட்டு ஹெட்ஃபோன்ல கேக்குறேன், என்னமோ மாதிரி இருக்கு. அப்பா ரேடியோல கேக்கும்போது கிட்டார் ஒரு பக்கம், வயலின் கூட்டம் இன்னொரு பக்கம், அவங்க குரல் நடுவுலன்னு இருக்கும். இதுல எல்லாம் ஒரே புள்ளில வந்து நிக்குது, டிரம் அடிக்கிற எடத்துல கரகரன்னு உடையவும் செய்யுது.

காரணம் என்னன்னா லேப்டாப்ல இருக்குற அந்த ஓட்டை மைக்குக்கானது. அது மோனோ, ரெண்டு பக்கத்தையும் தனித்தனியா வாங்காது, அதுவுமில்லாம மைக்ல வர்ற ரொம்பச் சின்ன சத்தத்த பெருசு பண்றதுக்காக செஞ்சது, டெக்லேர்ந்து வர்ற சத்தம் அதுக்கு ரொம்ப அதிகம். அது ஏன் எனக்கு முதல்லயே தெரியலன்னா நான் முதல்ல எடுத்த பழைய பாட்டுங்க பெரும்பாலும் மோனோவாவே ரெக்கார்டு பண்ணது, அதுல ஒன்னும் வித்தியாசம் தெரியாது. ஸ்டீரியோ பாட்டு வந்தப்பதான் குட்டு உடஞ்சது. அந்த உடைஞ்ச சத்தத்த எந்த சாஃப்ட்வேராலயும் முழுசா சரி பண்ண முடியாது, திரும்ப முதல்லேர்ந்து எடுத்தேன்.

அதனால லைன்-இன் (டெக் சத்தத்த ரெண்டு பக்கமும் தனித்தனியா நேரா வாங்குற ஓட்டை) இருக்குற யூஎஸ்பி சவுண்ட் பொட்டி ஒன்னு வாங்கிருங்க. நான் வச்சிருக்கது பெரிங்கர் யூசிஏ 202, உள்ளங்கையில அடங்கும், ரெண்டு ஒயரயும் நேரா சொருகலாம், எனக்கு இதுவே போதும்னு தோணுது. சொருகுனப்புறம் விண்டோஸ்ல சவுண்ட் செட்டிங்குக்குப் போயி அந்தப் பொட்டிக்கு ரெண்டு சேனல்னு இருக்கான்னு பாருங்க, சத்தத்த அழகுபடுத்துறேன்னு ஒரு டிக் இருந்தா எடுத்துருங்க. நல்லாருக்கான்னு சோதிக்க சுலபமான வழி, வெள்ளை ஒயர மட்டும் உருவிப் பாருங்க, திரையில ஒரு கோடு மட்டும் படுத்துட்டா சரி. ரெண்டும் படுத்தாலோ ரெண்டும் ஆடுனாலோ எங்கயோ தப்பு.

பதிவு பண்றது

ஆடாசிட்டிங்கிற (Audacity) ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் போதும், இலவசம். 44100 ஹெர்ட்ஸ், ஸ்டீரியோ. பாட்டு உச்சத்துக்குப் போற எடத்துல மீட்டர் மைனஸ் 6 டெசிபல் பக்கம் நிக்கிற மாதிரி வச்சிக்குங்க, மேல இடம் விடணும். சி-60-ன்னா ஒரு பக்கம் 30 நிமிஷம், சி-90-ன்னா 45, ஓட விட்டுட்டு வேற வேலை பாக்கலாம். முடிஞ்சதும் ஒவ்வொரு பாட்டு ஆரம்பத்துலயும் கண்ட்ரோல் + B அமுக்கி பேர் எழுதுங்க, ஏத்துமதி பண்றப்ப அந்தக் குறிப்ப வச்சி அதுவே தனித்தனி ஃபைலா வெட்டிக் கொடுத்துடும். மூலப் பதிவ ஃபிளாக்கா (FLAC, தரம் குறையாத ஃபைல்) ஒன்னு எடுத்து வச்சிட்டு அதுலேர்ந்து கார்ல கேக்குறதுக்கு எம்பி3 போட்டுக்குங்க. எம்பி3 மட்டும் வச்சிக்கிறவங்க பின்னாடி வருத்தப்படுவாங்க.

சில கேசட் மட்டும் போர்வைக்குள்ள பாடுற மாதிரி இருக்கும். அது டேப் கெட்டதுன்னு நினைக்காதீங்க. ஹெட்டுக்குப் பக்கத்துல ஒரு குட்டி ஸ்குரூ இருக்கு, ஹெட்டோட சாய்மானத்த அதுதான் மாத்தும். அப்பாவோட ரேடியோல ஹெட் ஒரு சாய்வு, என் டெக்ல வேற சாய்வு, அதான் ஜால்ரா மாதிரி கூர்மையான சத்தம் காணாம போவுது. முதல்ல ஸ்குரூ இருக்குற நிலைய நகப்பாலிஷால ஒரு புள்ளி வச்சி அடையாளம் பண்ணிக்குங்க, ஹெட்ஃபோன மோனோல வச்சிக்கிட்டு ரொம்ப மெதுவா, கால் சுத்துக்குள்ளயே திருப்புங்க, ஜால்ரா சத்தம் பளிச்சுன்னு வர்ற எடம் ஒன்னு வரும், அங்க நிறுத்துங்க. இந்த ஒரு ஸ்குரூவுக்கு அப்புறம் எனக்குப் பாதி கேசட் புதுசாச்சு.

இரைச்சல எடுக்குறது

கொஞ்சமா எடுங்க, எடுக்காம விட்டாலும் தப்பில்ல. எங்க தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழால அப்பா எடுத்த உறுமி மேளம் ஒன்னு இருக்கு. அதுல 'ஸ்ஸ்'னு இரைச்சல் அதிகம்னு 18 டெசிபல் குறைச்சேன், கேக்க சுத்தமா ஆயிடுச்சு, ஆனா உறுமியே காணோம். வளைஞ்ச குச்சிய தோல் மேல தேய்க்கும்போது ஒரு முனகல் வரும்ல, அதையும் இரைச்சல்னு நினைச்சு சாஃப்ட்வேர் தின்னுடுச்சு. இப்ப 6 டெசிபலுக்கு மேல போறதில்ல. நாதஸ்வரத்துல மூச்சுக்காத்து, கம்பூஸ்ல நரம்பு உரசுறது எல்லாமே இப்படித்தான் போவும்.

அப்டேட்: லூனாஸ் ஊர்லேர்ந்து ஒரு அக்கா எழுதியிருந்தாங்க, அவங்க தாத்தா குரல் பதிவு கீச்சு கீச்சுன்னு வேகமா வருதுன்னு. பேட்டரி தீரப் போற ரேடியோல ரெக்கார்டு பண்ணா டேப் மெதுவா ஓடியிருக்கும், இப்ப சரியான வேகத்துல போட்டா வேகமாத்தான் கேக்கும். ஆடாசிட்டில வேகமும் சுருதியும் சேர்ந்தே மாறுற எஃபெக்ட் இருக்கு, அதத்தான் எடுக்கணும், சுருதி மட்டும் மாத்துறத எடுக்காதீங்க.

எவ்வளவு மாத்துறதுன்னு தெரியணுமே, அதுக்கு நான் செஞ்சத சொல்றேன். அந்த உறுமி கேசட்லயும் இதே கோளாறு. மேளம் ஓயுற இடைவெளில கோயில் ஸ்பீக்கர்ல தூரமா ஒரு சீர்காழி பாட்டு கேக்குது. அதே பாட்டு அப்பாவோட வேற கேசட்ல நல்லா இருந்துச்சு. ரெண்டையும் பக்கத்துல வச்சி ஒரே வரி எத்தன வினாடி வருதுன்னு பாத்தேன், நல்ல கேசட்ல 17, உறுமி கேசட்ல 16. அந்தக் கணக்குக்குக் கிட்டத்தட்ட 6 சதவீதம் மெதுவாக்குனேன். அந்த செட்டுல உறுமி வாசிச்ச மாமா இன்னும் இங்கதான் இருக்காரு, போன ஞாயித்துக்கிழம கொண்டு போயி போட்டுக் காட்டுனேன். கண்ண மூடி முழுசா கேட்டாரு. "வேகம் இப்ப சரியா இருக்குப்பா, அந்த முனகல் கொஞ்சம் கம்மியா கேக்குதே"ன்னாரு. வீட்டுக்கு வந்து அந்த 6 டெசிபல் குறைச்சதையும் எடுத்துட்டு, இரைச்சல அப்படியே விட்டுட்டேன்.