எழும்பூரில் செப்புத் திருமேனிகளை நின்று பார்ப்பதற்கு ஒரு வழிகாட்டி

சென்னை எழும்பூர் பாந்தியன் சாலையில் உள்ள அரசு அருங்காட்சியகம் 1851இல் தொடங்கப்பட்டது. அதன் எல்லாக் கட்டடங்களையும் ஒரே நாளில் சுற்றிவிட முயல்பவர்கள் கால்வலியோடுதான் வீடு திரும்புகிறார்கள். செப்புத் திருமேனிக் கூடத்துக்கென்று தனியாக ஒரு முற்பகலை ஒதுக்கிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாள்களில் காலை திறந்தவுடன் சென்றால் கூட்டம் குறைவாக இருக்கும். குழந்தைகள் உடன் வந்தால், திமிங்கல எலும்புக்கூட்டைக் கடைசியில் காட்டுவதாகச் சொல்லிவையுங்கள்.

கூடம் முழுவதையும் ஒருமுறை மெதுவாகச் சுற்றிவந்த பிறகு, மூன்று திருமேனிகளை மட்டும் தேர்ந்துகொண்டு ஒவ்வொன்றின் முன்னும் கால்மணி நேரமாவது நில்லுங்கள். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் அவற்றுள் ஒன்றாக இருக்கட்டும். என் அக்கா மகள் அதை வரையத் தொடங்கியபோதுதான், "சித்தி, இவருக்கு மூன்று கைதானே இருக்கிறது?" என்று கேட்டாள். வலப்பக்கம் இறைவனுக்கு இரண்டு கைகள், இடப்பக்கம் அம்மைக்கு ஒன்று; இடுப்பின் வளைவும் ஆடையின் நீளமும் உடலின் நடுக்கோட்டில் மாறுவதை அதன் பிறகே நாங்கள் இருவரும் கவனித்தோம். திருவாலங்காட்டு நடராசருக்கு, உருவத்தைச் சுற்றி அமையும் சுடர் வளையமான திருவாசி இல்லாததால், தூக்கிய திருவடியும் வீசிய கைகளும் எந்தச் சட்டமும் இன்றி வெட்டவெளியில் நிற்கின்றன.

அடுத்து, பீடத்தைக் குனிந்து பாருங்கள். இவற்றில் பெரும்பாலானவை வீதியுலா வந்த உற்சவர்கள் என்பதால், தண்டு செருகிக் கட்டித் தூக்குவதற்கான வளையங்களையோ துளைகளையோ அங்கே காணலாம். கோயிலில் பட்டும் மாலையும் மறைத்துவிடும் அரைஞாணையும் தோள்வளையையும் பூணூலையும் இங்கே தெளிவாகப் பார்க்க முடிகிறது. சுற்றிவர இடமிருந்தால் பின்பக்கமும் சென்று, தலைக்குப் பின்னுள்ள சிரச்சக்கரத்தையும் முதுகில் இறங்கும் சடைக்கற்றையையும் காணத் தவறாதீர்கள்.

பணியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பென்சிலால் வரையுங்கள். முழு உருவம் வேண்டாம், ஒரு கை போதும். விரல்களின் மடிப்பை வரைய முயலும்போது கண் தானாகக் கூர்மையடைகிறது.

மே 18 உலக அருங்காட்சியக நாளையும் நவம்பர் 19 முதல் 25 வரையிலான உலக மரபு வாரத்தையும் ஒட்டி அருங்காட்சியகங்களில் சிறப்புக் கண்காட்சிகளும் உரைகளும் மாணவர்களுக்கான போட்டிகளும் நடப்பது வழக்கம். நுழைவாயில் அறிவிப்புப் பலகையைப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். உரைக்குச் செல்வதற்கு முன் கூடத்தைப் பார்த்து ஒரு கேள்வியாவது எழுதிக்கொள்ளுங்கள், உரை முடிந்ததும் அதே திருமேனியிடம் திரும்பி வாருங்கள். வார்ப்பைப் பற்றிய கேள்விகளே நல்ல பதிலைப் பெற்றுத் தருகின்றன என்பது என் அனுபவம். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துச் செய்த உருவத்தின் மேல் வண்டல் மண் பூசி, சுட்டு, உருகிய மெழுகு வெளியேறிய வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, இறுதியில் அச்சை உடைத்துத்தான் திருமேனியை எடுக்கிறார்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் இம்முறையில்தான் வார்க்கிறார்கள். ஒரு மெழுகு உருவுக்கு ஒரே திருமேனி என்பதை அறிந்தவர்களின் பார்வை, அதன்பின் ஒவ்வொரு முகத்திலும் சற்று நேரம் தங்கும்.

அடுத்த பயணத்தைத் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதே திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர் அங்கே, காணாமற்போன காளையின் மேல் சாய்ந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு நிற்கிறார்.