டூயல் ஸ்போர்ட் பைக்: முதல் ஆயிரம் கிலோமீட்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பன்னிரண்டு வருடம் ஸ்ப்ளெண்டர் ஓட்டிப் பழகியவன் நான். அதன் சீட் உயரம் 785 மி.மீ. புதிதாக வாங்கியது எக்ஸ்பல்ஸ் 200 4வி, தார் ரோட்டிலும் மண் பாதையிலும் ஓடும் டூயல் ஸ்போர்ட் பைக். அதற்கு 825. வெறும் நான்கு சென்டிமீட்டர், என்ன ஆகிவிடப் போகிறது என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் அரூர் போகும் வழியில் ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தினேன். தார் முடிந்து மண் சரியும் விளிம்பு அது. இடது காலை ஊன்றப் போனால் தரையைக் காணோம், இன்னும் நாலு விரற்கடை கீழே கிடக்கிறது. அதற்குள் 158 கிலோவும் சாய்ந்துவிட்டது. டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் வந்து தூக்கிவிட்டார்கள். டீக்குக் காசும் வாங்கவில்லை, அது வேறு கதை.

அன்றைக்கே பலரும் செய்யும் காரியம், வண்டியின் உயரத்தைக் குறைக்க மெக்கானிக்கைத் தேடுவது. சஸ்பென்ஷனை இறக்கினால் தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி போகும், எதற்காக இந்த வண்டியை வாங்கினோமோ அதுவே போய்விடும். சைடு ஸ்டாண்டு மட்டும் பழைய நீளத்திலேயே இருக்கும். அதனால் வண்டி சாயாமல் நெட்டுக்குத்தாக நிற்கும், லேசாகத் தட்டினாலும் வலப்பக்கம் விழும். அவசரப்படாதீர்கள். இரண்டு பாதமும் முழுசாகப் பதிய வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டு, சீட்டில் சற்று இடப்பக்கம் நகர்ந்து ஒரு காலை மட்டும் நன்றாக ஊன்றப் பழகுங்கள். நிறுத்துவதற்கு முன் கால் வைக்கப்போகும் இடத்தைப் பார்ப்பது ஒரு வாரத்தில் பழக்கமாகிவிடும்.

அடுத்தது, "பிரேக் சரியில்லை" என்று முதல் நாளே தீர்ப்பு எழுதுவது. முன் ஃபோர்க் 190 மி.மீ. அமுங்கும். சட்டென்று பிடித்தால் வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு இறங்குவது அதனால்தான். முன் டயரோ 21 இஞ்ச் ரிம்மில் ஒல்லியாக, கட்டம் கட்டமாக இருக்கும். புது டயரின் வழவழப்பு போகவே நூறு கிலோமீட்டர் ஆகும். அதுவரை வளைவில் சாய்ப்பதையும், மழையில் ரோட்டின் வெள்ளைக் கோட்டில் பிரேக் போடுவதையும் தள்ளிவையுங்கள். மண்ணில் மெதுவாகத் திரும்பும்போது ஹேண்டில் வளைந்திருக்கையில் முன் பிரேக்கைத் தொட்டால் கீழேதான். புதியவர்கள் விழுவது பெரும்பாலும் இப்படித்தான், அதுவும் பத்து கிலோமீட்டர் வேகத்தில்.

என்ஜினைப் பதமாக ஓட்டுவதாக நினைத்து ஐந்தாம் கியரில் 35-இல் முக்கவிடுவதும் தவறு. கியரைக் குறைத்து, ஒரே வேகத்தில் போகாமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். முதல் சர்வீஸில் ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது.

எனக்கு அதிகம் செலவு வைத்தது காற்றுதான். வற்றிய ஏரி ஒன்றில் ஓட்டிப் பார்க்க டயர் அழுத்தத்தை 18 பிஎஸ்ஐ-க்கு இறக்கினேன். மண்ணில் பிடிப்பு பிரமாதம். ரோட்டுக்கு ஏறியதும் திரும்ப அடிக்க மறந்துவிட்டேன். கொஞ்ச தூரத்தில் ஒரு பள்ளம், 'டங்' என்று ரிம்மில் அடி. ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை. "பாம்பு கடிச்ச மாதிரி இருக்கு தம்பி" என்றார் பஞ்சர் கடை அண்ணன். அவர் ஒட்டிக் கொடுத்ததோடு தப்பித்தேன். மவுத் (காற்றடிக்கும் வால்வு) பக்கம் கிழிந்திருந்தால் ஒட்டவே முடியாது, 21 இஞ்ச் ட்யூப்பும் அந்தக் கடையில் இல்லை.

இது ட்யூப் டயர். ட்யூப்லெஸ்ஸுக்குச் சொருகும் பஞ்சர் கிட் இதற்கு உதவாது. ஒரு முன் சக்கர ட்யூப், இரண்டு டயர் லீவர், சின்ன பம்ப் வண்டியிலேயே இருக்கட்டும். அவசரத்துக்கு அந்த 21 இஞ்ச் ட்யூப்பையே 18 இஞ்ச் பின் சக்கரத்திலும் திணித்து வீடு வந்து சேரலாம். ஆனால் பின் ட்யூப் முன்னால் ஒத்துவராது. இன்னொன்று: மவுத்தில் உள்ள சின்ன நட்டை ரிம்மோடு இறுக்கி வைக்காதீர்கள், மேலே மூடியோடு சேர்த்து வையுங்கள். காற்று குறைந்து டயர் ரிம்மில் நழுவினால் ட்யூப்பும் கூடவே இழுபடும், மவுத் சாய்ந்து நின்று அதைக் காட்டிக்கொடுக்கும். நட்டை இறுக்கியிருந்தால் சாயாமல் அப்படியே கிழியும்.

சாமான் வாங்குவதில் கைக்கவசத்தைத் தவிர எதற்கும் அவசரமில்லை. டாப் பாக்ஸ், கூடுதல் விளக்கு எல்லாம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடின பிறகு யோசிக்கலாம், பாதி தேவைப்படாது. மண் பாதை கண்ணில் பட்டதும் காப்புக்காட்டுக்குள் வண்டியை விடாதீர்கள். அனுமதியில்லாமல் நுழைவது குற்றம், வண்டியும் மாட்டும். பழக வறண்ட ஏரியும் ஊருக்கு வெளியே உள்ள வண்டிப்பாதையும் போதும்.

முதல் சர்வீஸுக்கு விடும்போது போக்ஸ் கம்பிகளைப் பார்க்கச் சொல்லுங்கள், புதுச் சக்கரத்தில் அவை தளரும். நீங்களே பார்க்கலாம். சக்கரத்தைத் தூக்கி வைத்துச் சுற்றிக்கொண்டே ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். நன்றாக இருப்பது 'டிங்' என்னும், தளர்ந்தது 'டொக்' என்னும். என் வண்டியில் பின் சக்கரத்தில் மூன்று 'டொக்'.