மாலையை உதிர்த்து விதைக்காதீர்கள்: செண்டுமல்லியில் செய்யும் தவறுகள்

எதிர் வீட்டு அக்கா போன வாரம் மொட்டை மாடிக்குக் கூப்பிட்டார். மூன்று குரோ பேக்கிலும் கீரை விதைத்ததுபோல நாற்று நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. "ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் போட்ட மாலை தம்பி. காய வச்சு உதிர்த்துவிட்டேன். எப்படி வந்திருக்கு பாரு!" என்றார். என்ன சொல்வது? ஆறு வருடத்துக்கு முன்னால் இதே பெருமையோடு ஊரையே மாடிக்குக் கூப்பிட்டவன் நான்.

அதிகம் தண்ணீர் ஊற்றாதீர்கள், தொட்டிக்கு ஓட்டை போடுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். விட்டுவிடுகிறேன்.

மாலைப் பூவில் விதை எடுப்பது

நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்கள் சேர்ந்த கொத்து. இதழ் விரிந்த குட்டிப் பூக்களில் மகரந்தம் கிடையாது. நடுவில் குழல் மாதிரி இருப்பவற்றில்தான் உண்டு. மாலைக்கென்றே வளர்க்கும் பந்து போன்ற ரகங்களில் முக்கால்வாசி இதழாகவே இருக்கும். ஆகவே செடியிலேயே விட்டாலும் விதை குறைவாகத்தான் பிடிக்கும். அதையும் இதழ் வாடுவதற்கு முன்பே பறித்துச் சந்தைக்கு அனுப்பிவிடுகிறார்கள். காய்ந்த மாலையை உதிர்த்து ஒரு விதையை நகத்தால் அழுத்திப் பாருங்கள், பெரும்பாலும் வெறும் சக்கைதான்.

முளைப்பதே இல்லை என்று சொல்லவில்லை. முளைக்கும், அதுதான் வம்பு. முளைக்காமல் போயிருந்தால் பத்தாவது நாளே வேறு விதை வாங்கியிருப்பேன். சந்தைக்குப் பயிரிடுவோர் பலர் போடுவது ஹைப்ரிட். அதன் அடுத்த தலைமுறை தாய்ச்செடி மாதிரி வராது, குணம் பிரிந்துவிடும். எனக்கு நாற்பது செடி வந்தது. சில இடுப்பு உயரம் வளர்ந்து காற்றில் சாய்ந்தன. சிலவற்றில் ஒற்றை வரிசை இதழோடு ரூபாய்க் காசு அளவுக்குப் பூ. உருப்படியாகப் பூத்தவை மூன்றே செடி. மண்புழு உரம் இரண்டு மூட்டை, மூன்று மாதத் தண்ணீர், எல்லாம் போட்டும் பொங்கலுக்குக் கடையில்தான் பூ வாங்கினேன். இதைத்தான் "காசில்லாமல் கிடைத்த விதை" என்கிறார்கள்!

சொந்த விதைதான் வேண்டுமென்றால் ஹைப்ரிட் இல்லாத நாட்டு ரகம் வாங்குங்கள். நன்றாகப் பூக்கும் செடியில், நுனி கிள்ளியபின் முதலில் வரும் நல்ல பூ இரண்டு மூன்றைப் பறிக்காமல் விடுங்கள். கடைசியில் மிஞ்சிய சோப்ளாங்கிப் பூவில் விதை எடுப்பதும் இதே பைத்தியக்காரத்தனம்தான். பூவின் அடியிலுள்ள பச்சைக் கிண்ணம் பழுப்பாகும்வரை செடியிலேயே காயட்டும். தேறிய விதை ஊசி மாதிரி, அடி கறுத்து, நுனியில் வைக்கோல் நிற வாலோடு இருக்கும். நிழலில் உலர்த்திக் காகிதப் பொட்டலத்தில் வையுங்கள்.

மாலையா? உரக்குழியில் போடுங்கள்.

பண்டிகையிலிருந்து பின்னோக்கி எண்ணாதது

நாற்று மூன்று நான்கு வாரம், நட்டபின் பூவுக்கு ஏறக்குறைய இரண்டு மாதம். பூ வேண்டிய நாளிலிருந்து தொண்ணூறு நாளைக் கழித்து விதையுங்கள். ஐப்பசியில் விதைத்துவிட்டு தீபாவளிக்குப் பூ கேட்பவர்களை வருடாவருடம் பார்க்கிறேன்.

நுனி கிள்ள மனம் வராதது

நட்டு ஒரு மாதம் கழித்து முதல் மொட்டோடு நுனியைக் கிள்ளிவிட வேண்டும். முதல் மொட்டைக் கிள்ளப் பாவமாக இருக்கும், தெரியும். என் மனைவி அந்த நாளில் மாடிக்கே வரமாட்டாள். ஆனால் கிள்ளினால்தான் பக்கக் கிளை வெடித்து, ஒரு பூவுக்குப் பதில் பல பூ வரும். பூப்பது சில நாள் தள்ளிப்போகும், மேலே சொன்ன கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

யூரியா

வேண்டாம். இலைதான் வரும்.

நிழல்

ஆறு மணி நேர வெயில் இல்லையா? கனகாம்பரம் வையுங்கள்.

பழைய விதை

டப்பாவில் கிடந்த விதையை அப்படியே தூவ வேண்டாம். பத்தை எடுத்து ஈரத் துணியில் மடித்து வையுங்கள். ஒரு வாரத்தில் ஐந்துகூட முளைவிடவில்லை என்றால் புதுசு வாங்கிவிடுங்கள். எதிர் வீட்டு அக்காவிடம் இதையெல்லாம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். இப்போதைக்கு நாற்றைக் கலைத்து, பைக்கு இரண்டு மட்டும் விட்டுவிட்டு வந்தேன். பிடுங்கியதைப் போட மனமில்லாமல் இன்னும் நாலு பை மண் ரொப்பிக்கொண்டிருக்கிறார்.