இரண்டு நாளில் கன்னியாகுமரி: திட்டம் எங்கே தவறுகிறது?

நாகர்கோவிலில் வீடு என்பதால், ஆண்டுக்கு நாலைந்து முறையாவது யாராவது உறவினரைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிப் போவேன். வெள்ளி இரவு ரயில் ஏறி, சனிக்கிழமை வந்து, ஞாயிறு மாலை திரும்புகிறவர்கள்தான் அதிகம். அவ்வளவு தூரம் ஆசையாக வந்துவிட்டு, "சூரியனையே சரியாப் பாக்கல", "படகுல போக முடியல" என்று அவர்கள் வருத்தத்தோடு வண்டி ஏறும்போது எனக்கு மனசே ஆறாது. கடலும் வானமும் தம் நேரப்படி நடக்கிற ஊர் இது. அதைக் கணக்கில் எடுக்காமல் போடுகிற திட்டம் முதல் நாள் காலையிலேயே குலைந்துவிடுகிறது.

முதலில் மாதம். கன்னியாகுமரியில் உதயமும் அஸ்தமனமும் கடலிலேயே தெரியும் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். உதயத்தைப் பற்றி அப்படிச் சொல்வது சரிதான். ஆனால் அஸ்தமனம் ஆண்டு முழுக்கக் கடலில் நடப்பதில்லை. முட்டம் நோக்கிப் போகும் மேற்குக் கரை சற்று வடக்கே சாய்ந்துதான் போகிறது. வைகாசி, ஆனியில் சூரியனும் வடக்கே ஒதுங்கிவிடுவதால், தென்னந்தோப்புகளுக்குப் பின்னால் நிலத்தில்தான் இறங்கும். கடலுக்குள் முழுசாக முங்குவதைப் பார்க்க வேண்டுமானால் அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையே வர வேண்டும். இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. அக்டோபர், நவம்பரில் மேகம் மறைத்துவிடும். கார்த்திகை பிறந்ததிலிருந்து தை முதல் வாரம் வரை ஐயப்ப பக்தர்கள் கூட்டம். என்னைக் கேட்டால், ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரைதான் நல்ல காலம்.

அடுத்தது, ஒரே ஒரு காலையை நம்பி வருவது. ரயில் எட்டு மணிக்கு வந்தால் அன்றைய உதயம் போயிற்று. மறுநாளும் மேகம் கவிந்தால் பார்க்காமலே ஊர் திரும்ப வேண்டியதுதான். கூடுமானவரை முந்தின நாள் இரவே வந்து சேருங்கள், இரண்டு காலைகள் கிடைக்கும். இங்கே சூரியன் ஆண்டு முழுக்க ஆறு மணிக்கும் ஆறே முக்காலுக்கும் இடையேதான் உதிக்கும். ஆனால் அதற்கு அரை மணி முன்பிருந்தே கீழ்வானம் நிறம் மாறத் தொடங்கிவிடும். சூரியன் தலை காட்டும் நிமிடத்துக்குச் சரியாக வந்து கைப்பேசியை நீட்டுகிறவர்கள் அந்த அரை மணியை இழந்துவிடுகிறார்கள். அறையிலிருந்தே கடல் தெரியும் என்று சொன்னால், முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்த ஜன்னலைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

பெரிய ஏமாற்றம் நடப்பது படகுத்துறையில்தான். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுகள் வழக்கமாகக் காலை எட்டு மணியிலிருந்து மாலை நான்கு மணிவரை ஓடுகின்றன. பலர் இதை மாலைக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, நாலு மணிக்கு வந்து மூடிய கவுன்டரைப் பார்த்துத் திரும்புகிறார்கள். காலையிலேயே வந்தாலும், கடல் விட்டால்தான் படகு போகும். போன ஆண்டு என் பெரியம்மா மகள் கரூரிலிருந்து பிள்ளைகளோடு வந்திருந்தாள். ஏழு மணிக்கெல்லாம் வரிசையில் நின்றோம். எட்டாகியும் கதவு திறக்கவில்லை. ஊழியர் ஒருவர் வந்து, "தண்ணி உள்வாங்கியிருக்கு, ஏறினாத்தான் போட் எடுக்க முடியும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எட்டிப் பார்த்தால், எப்போதும் தண்ணீருக்கடியில் கிடக்கும் பாறைகள் பாசியோடு வெளியே தெரிந்தன. பத்தரைக்குத்தான் முதல் படகு. அக்கா பத்துமணிக்கே வெளியூர் போக வண்டி பேசி வைத்திருந்தாள். அதனால் வரிசையை விட்டு இறங்கிவிட்டோம். சின்னவன் வழியெல்லாம் அழுதான்.

நீர்மட்டம் இப்படித் தாழ்வதும் அலை சீறுவதும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அதிகம். தினசரி காலண்டரைப் பார்த்துவிட்டுத் தேதி குறித்தால் பாதிச் சிக்கல் தீரும். மாலையில் சூரியன் ஒரு பக்கம் இறங்க, மறுபக்கம் நிலா எழுவதைப் பார்க்கவே பௌர்ணமிக்கு வருகிறீர்கள் என்றால், படகுக்கு நேரத்தைத் தாராளமாக ஒதுக்குங்கள். படகுக்கு முதல் நாள் காலையை வைத்துக்கொள்வது நல்லது. தவறினாலும் மறுநாள் ஒன்று கையில் இருக்கும்.

வள்ளுவர் சிலைக்குத் தனியாகப் படகு ஏற வேண்டும் என்ற பழைய தகவலை இன்னும் சிலர் நம்பி வருகிறார்கள். 2024 டிசம்பர் 30-ஆம் தேதி இரண்டு பாறைகளையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டுவிட்டது. 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். விவேகானந்தர் பாறையில் இறங்கி நடந்தே போய்விடலாம். முன்பெல்லாம் நீர்மட்டம் சற்றுக் குறைந்தாலே சிலைக்குப் போகும் படகை நிறுத்திவிடுவார்கள். சிலையின் காலடியில் நிற்கும்போது பீடத்தைக் கவனியுங்கள். பீடம் 38 அடி, அறத்துப்பாலின் அதிகாரங்கள் 38. அதன் மேல் நிற்கும் சிலை 95 அடி, பொருளுக்கும் இன்பத்துக்கும் உரிய அதிகாரங்கள் 95. கணபதி ஸ்தபதி கல்லில் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். விவேகானந்தர் பாறையின் தியான மண்டபத்தில் பத்து நிமிடமாவது பேசாமல் உட்காருங்கள். அரை மணியில் திரும்ப வேண்டும் என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்க்கும்போது, இத்தனை மணி நேரம் வரிசையில் நின்றது எதற்காக என்று தோன்றும்.

கடலில் இறங்குவதைப் பற்றிச் சொல்லும்போது நான் கண்டிப்பாகத்தான் பேசுவேன். இங்குள்ள மீனவர்கள் 'கள்ளக்கடல்' என்று ஒன்றைச் சொல்வார்கள். வெகு தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடிக்கும் புயற்காற்றில் கிளம்பும் அலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து இந்தக் கரைக்கு வந்து சேரும். இங்கே காற்றோ மழையோ எந்த அறிகுறியும் இருக்காது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே கடல் திருடனைப் போல ஏறி வரும். 2024 மே 6-ஆம் தேதி கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துக்கொண்டு போனது. திருமணத்துக்காக நாகர்கோவிலுக்கு வந்த பிள்ளைகள். கடல் சீற்ற எச்சரிக்கை அப்போது அமலில் இருந்தது. போலீஸ்காரரோ மீனவரோ "இன்னைக்கு இறங்காதீங்க" என்றால் எதிர்வாதம் செய்யாதீர்கள். முக்கடல் கூடும் இடத்திலும் பாறைகளில் பாசி வழுக்கும். படமெடுக்க ஏறிவிடாதீர்கள்.

பத்மநாபபுரம் அரண்மனையைத் திங்கட்கிழமைக்கு வைத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. திங்களன்று விடுமுறை. தக்கலைக்கு அருகே, கன்னியாகுமரியிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும், கேரளத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது. மர வேலைப்பாட்டை நின்று பார்க்க இரண்டு மணி நேரமாவது வேண்டும். பகவதி அம்மன் கோயிலும் சுசீந்திரமும் மதியம் நடை சாத்திவிடும். இரண்டிலும் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்ற வேண்டும். திற்பரப்பு அருவி, மாத்தூர் தொட்டிப் பாலம், முட்டம், வட்டக்கோட்டை என எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துத் தருவதாகச் சொல்லும் வண்டிக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த நாள் முழுக்க வண்டியிலேயே போய்விடும். அரண்மனை ஒன்று, மாலைக்கு முட்டம் ஒன்று, அதுவே ஒரு நாளுக்குப் போதும்.

சாப்பாட்டில், ஊரில் கிடைக்கும் அதே இட்லி தோசையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளிதான்) மீன் குழம்பும் கேட்டுச் சாப்பிடுங்கள். வாங்கிப் போக மட்டிப் பழம் நல்லது. இந்த மாவட்டத்துக்கே உரிய, விரல் நீள, மணக்கிற வாழை. 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. முழுசாகப் பழுத்த சீப்பை வாங்காதீர்கள். காம்பில் பச்சை இருப்பதாகப் பார்த்து வாங்கி, ரயிலில் ஜன்னலோரக் கொக்கியில் தொங்கவிடுங்கள். துணிப்பைக்குள் போட்டு மேலே நாலு சாமான் வைத்தீர்களானால் திருச்சி வருவதற்குள் கூழாகிவிடும்.