ரோடு வேலை நடக்கறப்ப கார் பெயிண்ட்டை எப்படி காப்பாத்துனேன்

பெங்களூரு அல்சூர்ல எங்க தெரு முனையில ஒயிட் டாப்பிங் (பழைய தார் ரோட்டு மேல கான்கிரீட் போடறது) வேலை ஆரம்பிச்சதும் பழைய ரோட்டை சுரண்டுன தூசியும் சிமெண்ட்டும் சேர்ந்து கார் மேல பவுடர் பூசுன மாதிரி படிஞ்சுருச்சு, பார்க்கிங்க மாத்தலாம்னா இந்த ஊர்ல எங்க போறது.

தூசியை விட ஈரம்தான் வில்லன். ஈர சிமெண்ட்டோட பிஹெச் 12க்கு மேல, அதாவது பயங்கர காரத்தன்மை, காலைப் பனியோ தூறலோ பட்டா இறுகி, பெயிண்ட் மேல இருக்கற கிளியர் கோட்ங்கற பளபளப்புப் பூச்சையே அரிக்கும். அதுக்காக காய்ஞ்ச துணியால தேய்க்கவும் கூடாது, மணல் பேப்பர் போடறதும் அதுவும் ஒண்ணுதான். தூசி இருக்கறப்ப கவர் போடறதும் வேஸ்ட், காத்துல ஆடி ஆடி கீறிடும்.

முதல்ல தண்ணிய மேல இருந்து ஊத்தி தூசியை இறக்குனேன், அப்பறம் ஷாம்பூ. நம்ம ஊர்ல 2024 மார்ச்லயே காவிரி தண்ணில வண்டி கழுவுனா 5000 ரூபா ஃபைன்னு சொல்லிட்டாங்க, அதனால போர் தண்ணிதான், ஆனா அது உப்புத்தண்ணி, உடனே மைக்ரோஃபைபர் துணியால ஒத்தி எடுக்கலைன்னா வெள்ளைப் புள்ளி விழுந்துரும்.

இறுகிப்போன சிமெண்ட் துளிக்கு வெள்ளை வினிகர்ல பாதிக்குப் பாதி தண்ணி கலந்து, நிழல்ல நிறுத்தி, துணிய நனைச்சு கொஞ்ச நேரம் போட்டு வெச்சேன், இளகி வந்துச்சு. நகத்தால சுரண்டாதீங்க ப்ளீஸ். சக்கரத்துக்கு மேல ஒட்டுன தார் புள்ளிக்கு தார் ரிமூவர், இது பெயிண்ட் மேல பாதுகாப்புக்குப் போடற மெழுகையும் (வேக்ஸ்) சேர்த்து எடுத்துரும்ங்கறதால கழுவிட்டு மறுபடி வேக்ஸ் போட்டேன். இப்ப வேக்ஸ் இருக்கறதால புதுத் தூசி வெறும் தண்ணிலயே போயிடுது.