டெபியனைச் சோதனைப் பதிப்புக்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெபியன் லினக்ஸின் நிலையான பதிப்பிலிருந்து 'டெஸ்டிங்' (அடுத்த நிலையான பதிப்பாக உருவாகிவரும் பதிப்பு) அல்லது 'சிட்' (புதிய மென்பொருள்கள் முதலில் வந்து சேரும் நிலையற்ற பதிப்பு) பதிப்புக்குப் போவது மிக எளிது. பொதிகளின் (நிறுவத் தயாரான மென்பொருள் தொகுப்புகளின்) களஞ்சியத்தைக் குறிக்கும் கோப்பில் ஒரு சொல்லை மாற்றினால் போதும். ஆனால் திரும்பி வருவதற்கு அப்படி ஒரு வழி கிடையாது. புதிய பதிப்புக்கு ஏறுவதை மட்டுமே கருத்தில் கொண்டு பொதிகளின் நிறுவல் நிரல்கள் எழுதப்படுகின்றன. புதிய வடிவத்துக்கு மாறிவிட்ட தரவுத்தளங்களையும் அமைப்புக் கோப்புகளையும் பழைய மென்பொருள் படிக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே, வட்டின் முழு நகலை வேறொரு வட்டில் எடுத்து வைக்காமல் தொடங்குவதே முதல் தவறு.

அடுத்த தவறு பெயரில் இருக்கிறது. களஞ்சியக் கோப்பில் ஒரு பதிப்பின் பெயரான 'டிரிக்ஸி' என்று எழுதுவதும் 'டெஸ்டிங்' என்று எழுதுவதும் ஒரு காலத்தில் ஒரே பொருளைத் தந்தன. 2025 ஆகஸ்ட் 9 அன்று டிரிக்ஸி, டெபியன் 13 என்ற நிலையான பதிப்பாக வெளியானதும், பெயரை எழுதியிருந்தவர்கள் அதிலேயே நின்றார்கள். 'டெஸ்டிங்' என்று எழுதியிருந்தவர்களுக்கோ அடுத்த பதிப்பான 'ஃபோர்க்கி'யின் பொதிகள் வரத் தொடங்கின. எது வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.

இவற்றைவிட அதிகச் சேதம் விளைவிப்பது, பொதிகளை நிறுவும் கருவியான ஆப்ட் காட்டும் பட்டியலைப் படிக்காமல் 'ஒய்' விசையை அழுத்தும் பழக்கம். 'அப்கிரேட்' கட்டளை எந்தப் பொதியையும் நீக்காது. 'ஃபுல்-அப்கிரேட்' தேவைப்பட்டால் நீக்கும். 32 பிட் நேரக் கணக்கு 2038ஆம் ஆண்டில் நிரம்பிவிடும் சிக்கலைத் தீர்ப்பதற்காக 2024இல் நேரக் கணக்கை 64 பிட்டுக்கு மாற்றியபோது, ஏராளமான நிரலகங்களின் (பல செயலிகள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் தொகுப்புகளின்) பெயர்களில் 'டி64' என்ற பின்னொட்டு சேர்ந்தது. பழைய பெயரைச் சார்ந்த பொதிகளும் புதியவையும் ஒன்றோடொன்று மோதியதால், சிட் பதிப்பில் சில வாரங்களுக்கு நீக்கப்பட வேண்டியவற்றின் பட்டியல் அச்சமூட்டும் அளவுக்கு நீண்டது. அத்தகைய நாள்களில் செய்ய வேண்டியது, 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பதுதான். கடுமையான வழுக்களை முன்கூட்டியே எச்சரிக்கும் 'ஆப்ட்-லிஸ்ட்பக்ஸ்' கருவியையும் நிறுவிக்கொள்ளலாம்.

ஒரே ஒரு புதிய செயலிக்காகச் சிட் களஞ்சியத்தை நிலையான பதிப்போடு கலந்துவிடுபவர்களும் உண்டு. அந்தச் செயலி அடிப்படையான சி நிரலகத்தின் புதிய பதிப்பைக் கேட்க, அது மேலும் பலவற்றை இழுத்துவர, கடைசியில் மிஞ்சுவது எந்தப் பதிப்பிலும் சேராத ஒரு கலவை. பயனர்கள் அதற்கு 'ஃபிராங்கன்டெபியன்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். நிலையான பதிப்புக்கு ஏற்பப் புதிய மென்பொருள்களைத் தரும் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்தில் அந்தச் செயலி இருக்கிறதா என்று முதலில் பார்த்தால் பெரும்பாலும் இந்த வம்பே எழாது.

புதியது என்பதால் பாதுகாப்பானது என்று எண்ணுவதும் பிழை. வழுத்திருத்தங்கள் பொதுவாகச் சிட்டில் நுழைந்து, அவசரத்தைப் பொறுத்து 2 முதல் 10 நாள்கள் வரை காத்திருந்த பின்னரே டெஸ்டிங்கை அடைகின்றன. 2024 மார்ச் 29 அன்று அம்பலமான எக்ஸ்இசட் பின்கதவு (கோப்புச் சுருக்க மென்பொருள் ஒன்றில் ஒளித்து வைக்கப்பட்டிருந்த ரகசிய நுழைவழி), சிட், டெஸ்டிங் இரண்டிலும் நுழைந்திருந்தது. நிலையான பதிப்பை அது எட்டவில்லை. அதைக் கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்டும் டெபியன் சிட் கணினியில்தான் அதைக் கவனித்தார் என்பதையும் சொல்ல வேண்டும்: இப்பதிப்புகளுக்குப் பயனர்கள் தேவை, ஆனால் அலுவலகக் கணக்குகள் இருக்கும் ஒரே கணினியில் அல்ல.

வெளியார் களஞ்சியங்களை மாற்றத்துக்கு முன் முடக்கிவிடுங்கள். என்விடியா திரையட்டையின் இயக்கி புதிய கெர்னலோடு (இயங்குதளத்தின் மையக்கருவோடு) பொருந்தாமல் திரை இருண்டுவிடுவது உண்டு என்பதால், பழைய கெர்னலை உடனே நீக்கிவிடாதீர்கள்.